ஆம்பளைத்தனத்துக்கு யார் சிலபஸ் போட்டது?

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் வழியாக நடந்து போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். பூக்கடைகளில் மாலை கட்டுகிறவர்களில் ஆண்கள் நிறையப் பேர். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளின் அடுப்படியில் கரண்டி பிடிப்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் அதே பூவும் அதே அடுப்பும் வீட்டுக்குள் வந்துவிட்டால் "அதெல்லாம் பொம்பளைங்க வேலை" என்று ஆகிவிடுகிறது. சாம்பார் அதே சாம்பார்தான், மல்லிகை அதே மல்லிகைதான். சம்பளம் உண்டு என்றால் ஆண் வேலை, சம்பளம் கிடையாது என்றால் பெண் வேலை. இந்தக் கோட்டைக் கடவுள் போட்டாரா, நாம் போட்டோமா?

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சூத்திரத்தைக் கொடுத்தால், அதைப் போடுவதற்கு முன்னால் "இது எந்தெந்த நிலைமையில் செல்லும்?" என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் போட்டால் விடை தப்பாகும், சில சமயம் பாலமே இடிந்து விழும். "ஆம்பளைன்னா அழக்கூடாது", "பொண்ணுன்னா அடக்கமா இருக்கணும்" என்கிற சூத்திரங்களை மட்டும் நாம் எந்தக் கேள்வியும் இல்லாமல் வாழ்க்கையில் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அவற்றையும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உடம்பு இயற்கை, அர்த்தம் நம்முடையது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வித்தியாசம் உண்டு, அது இயற்கை. ஆனால் அந்த வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம் என்பதை இயற்கை சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லித் தருவது வீடு, பள்ளிக்கூடம், சினிமா, கோயில், காப்பிக் கடைப் பேச்சு. இடம் மாறினால் அந்த அர்த்தமும் மாறும், காலம் மாறினாலும் மாறும்.

எங்கள் துறைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு முதலில் நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். அப்போது இயந்திரத்தைக் கட்டுவதுதான் பெரிய வேலை, நிரல் எழுதுவது ஏதோ குமாஸ்தா வேலை மாதிரி. பிறகு நிரலுக்கு மதிப்பும் பணமும் வந்தன. உடனே மேல்நாடுகளில் அது ஆண்களின் மூளைக்கே பொருத்தமான வேலை என்று ஆகிவிட்டது. நம் மலேசியாவுக்கு வந்தால் கதை திரும்பவும் தலைகீழ். பினாங்கில் ஆய்வு செய்த உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2009இல் ஒரு கட்டுரை எழுதினார். மேல்நாட்டில் ஆண்கள் குவிந்திருக்கிற கணினித் துறையில் மலேசியாவில் மட்டும் ஏன் பெண்கள் அதிகம் என்பதுதான் அதன் கேள்வி. அவர் கண்டுபிடித்த பதில் ரொம்ப எளிமையானது. இங்கே அது அலுவலகத்துக்குள் உட்கார்ந்து செய்கிற, வெயில் படாத, பாதுகாப்பான வேலை. அதனால் பெண்களுக்கு ஏற்றது என்று குடும்பங்களே நினைத்தன. ஆக, ஒரே கணினியைப் பார்த்து அங்கே "இது ஆண் மூளைக்கு" என்றார்கள், இங்கே "இது பெண் பிள்ளைக்கு" என்றார்கள். இரண்டு பக்கமும் இதுதான் இயற்கை என்று நம்பினார்கள்!

பரதநாட்டியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மகளுக்கு அரங்கேற்றம் செய்து பார்ப்பது நம் குடும்பங்களில் பெரிய பெருமை. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் "நல்ல குடும்பத்துப் பெண் மேடையில் ஆடுவாளா?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கலை அழிந்துவிடக் கூடாது என்று இ. கிருஷ்ண ஐயர் என்ற வழக்கறிஞர், ஓர் ஆண், தானே பெண் வேடம் போட்டுக்கொண்டு மேடையில் ஆடினார். 1935இல் ருக்மிணி தேவி ஆடியபோது அது பெரிய துணிச்சலாகப் பேசப்பட்டது. ஒரு காலத்தில் பெண்மைக்கு ஆகாது என்று சொன்னதே இன்று பெண்மைக்கு அடையாளம். பாட்டி காலத்துக்கும் பேத்தி காலத்துக்கும் நடுவில் இவ்வளவு மாற்றம்.

1943: மூன்று மாதத்தில் மாறிய பெண்மை

இதைவிடப் பெரிய சாட்சி நம் மண்ணிலேயே, நம் பாட்டி, கொள்ளுப்பாட்டிகளிடமே இருக்கிறது.

மலாயாத் தோட்டங்களில் நம் பெண்கள் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, ஆண்களோடு சேர்ந்து பால்மரம் சீவினார்கள். 1920களின் கடைசியில் செலாங்கூர் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரத்துக்குத் தன்னைச் சீவுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. சம்பளக் கணக்குப் புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்று தனிப்படை வேண்டும் என்று அறிவித்தார். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். ஜூலையில் அறிவிப்பு, அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறப்பு. நடுவில் இருந்தது மூன்றே மாதம். சேர்ந்தவர்களில் பலர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், நிறையப் பேர் தோட்டத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள். காற்சட்டை போட்டார்கள், துப்பாக்கி பிடித்தார்கள், பர்மா வரைக்கும் போனார்கள்.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவருக்கு அப்போது பதினெட்டு வயதுதான். வசதியான வீட்டுப் பிள்ளை. நேதாஜி பேசியதைக் கேட்டுத் தன் நகையைக் கழற்றிக் கொடுத்தவர், பிறகு தானே படையில் சேரத் துணிந்தார். வீட்டில் எதிர்ப்பு. லட்சுமி நேரில் பேசிய பிறகுதான் அப்பா சம்மதித்தார். அந்தப் பெண்தான் பின்னால் பர்மாவில் படைக்குத் தலைமை தாங்கும் நிலைக்கு வந்தார். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார். 2000இல் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1943 ஜூனில் "பொம்பளைப் பிள்ளை தனியா கடைக்குக்கூடப் போகக்கூடாது" என்று சொன்ன அதே சமுதாயம், அக்டோபரில் அதே பிள்ளையை வீராங்கனை என்று கொண்டாடியது. பெண்களின் உடம்பு மூன்று மாதத்தில் மாறவில்லை. மாறியது நம் தேவை.

ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. போர் முடிந்து திரும்பிய தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. தேவை வந்தபோது வழிவிட்ட கலாச்சாரம், தேவை தீர்ந்ததும் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டது. அந்தக் கதவை விடாமல் தட்டியவர்களில் ஒருவர் ராசம்மா பூபாலன். பதினாறு வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர், பின்னாளில் ஆசிரியரானார். பெண் ஆசிரியர்களுக்கென்று 1960இல் சங்கம் அமைத்து, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கேட்டுப் போராடினார். துப்பாக்கி தூக்கிய கைக்கு அதன்பிறகும் மனு எழுத வேண்டியிருந்தது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சிந்தனை"

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருத்தர் நிச்சயம் சொல்வார்: "தம்பி, இது மேல்நாட்டுச் சிந்தனை. நம்ம கலாச்சாரம் வேற." நல்லது, நம்ம கலாச்சாரத்தையே பார்ப்போம்.

நேர்மையாகச் சொன்னால், நம் மரபில் குறுகலான பட்டியலும் இருக்கிறது. தொல்காப்பியம் பெருமையையும் வலிமையையும் ஆணுக்குக் கொடுத்தது. அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்குக் கொடுத்தது. பிறகு பயிர்ப்பு என்று நான்காவது ஒன்றும் வந்து சேர்ந்தது. இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பட்டியலில் ஒன்றைச் சேர்க்க முடியும் என்றால், மாற்றவும் முடியும்தானே? அந்தப் பட்டியலே வேண்டாம் என்று சொல்ல நமக்கு பாரதி வந்தார்.

அதே மரபில் விசாலமான பக்கமும் இருக்கிறது. வள்ளுவர் "பேராண்மை" என்ற பெரிய சொல்லை எங்கே வைத்தார் தெரியுமா? அடுத்தவன் மனைவியை இச்சையோடு பார்க்காத மனக்கட்டுப்பாட்டுக்கு. போர்க்களத்து வீரத்தையும் பேராண்மை என்றுதான் சொல்கிறார். ஆனால் அங்கேயும் அதோடு விடவில்லை. எதிரி தவித்து நிற்கும்போது அவனுக்கு உதவுவதுதான் அந்த வீரத்தின் கூர்மை என்கிறார். இன்று நம் பையன்கள் சிலருக்கு ஆம்பளைத்தனம் என்றால் சத்தம், சண்டை, கும்பல். "என்னடா மொறைக்கிற?" என்பதில் ஆரம்பித்து போலீஸ் ஸ்டேஷனில் முடிகிற கதைகள் நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். வள்ளுவரின் ஆண்மையில் இதற்கு இடம் கிடையாது.

கீதைக்கு வாருங்கள். பதினாறாவது அத்தியாயத்தில் தெய்விக குணங்களைக் கண்ணன் வரிசையாகச் சொல்கிறான். அதில் அஞ்சாமை முதலில் வருகிறது. அதே வரிசையில் மென்மையும் நாணமும் வருகின்றன. இதை யாரிடம் சொல்கிறான்? போர்க்களத்தில் வில்லோடு நிற்கிற அர்ஜுனனிடம்! நாம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்து வைத்த குணங்களைக் கண்ணன் ஒரே தட்டில் வைத்துக் கொடுக்கிறான். அந்த அர்ஜுனன் யார்? விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக இருந்து இளவரசிக்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்தவன். அதனால் அவன் காண்டீபத்துக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மார்கழி விடியலில் கோயிலில் திருவெம்பாவை ஓதும்போது கவனியுங்கள். எழுதியவர் மாணிக்கவாசகர், பாண்டியனின் அமைச்சராக இருந்தவர். அந்த இருபது பாட்டிலும் பேசுவது, தோழியரைத் துயிலெழுப்பிக்கொண்டு போகும் கன்னிப் பெண்கள். மீசை வைத்த மாமாக்கள் எல்லாம் அந்தப் பெண்களின் குரலில்தான் சிவனைப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் யாரும் சிரிப்பதில்லை. பக்தியில் அந்தக் கோடு தானாகவே அழிந்துவிடுகிறது.

வணங்குவது சுலபம்

அப்படியென்றால் நம் சமுதாயத்தில் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம்முடைய பெரிய சிக்கலே இதுதான்: கோயிலுக்குள் வணங்குவதை நாம் வாசல் தாண்டி வெளியே கொண்டுவருவதில்லை.

பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரரை விழுந்து கும்பிடுகிறோம். கல்யாணம் ஆனதும் மருமகள் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்பதை மட்டும் அவளைக் கேட்காமலே முடிவு செய்கிறோம். மதுரையை ஆண்ட மீனாட்சிக்கு ஒவ்வொரு சித்திரையிலும் பட்டாபிஷேகம் நடக்கிறது. நம் சங்கங்களில் செயலாளர் பதவி வரைக்கும் பெண்கள் வருகிறார்கள். தலைவர் என்றால் ஒரு தயக்கம். ஆடல்வல்லான் என்று சிவனைப் பாடுகிறோம். பையன் ஒருத்தன் ஆட ஆசைப்பட்டால்?

என் ஸ்கூல் நண்பன் ஒருவன் பிரிக்பீல்ட்ஸில் நாட்டியம் கற்றான். சலங்கையை ஃபுட்பால் பூட்ஸ் பையில் ஒளித்துத்தான் எடுத்துப் போவான். கேட்டால் "டிரெய்னிங்" என்பான். ஃபார்ம் த்ரீயில் விட்டுவிட்டான். அவன் காலில் குறை இல்லை, தாளத்தில் குறை இல்லை. குறை எல்லாம் சுற்றி இருந்தவர்களின் வாயில். இதே நாட்டில் ரம்லி இப்ராஹிம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து முடித்து, ஒடிசி நாட்டியத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். 1983இல் சூத்ரா நாட்டியக் குழுவைத் தொடங்கினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு மலாய்க்காரர் நம் நடராஜர் கலையை நெஞ்சு நிமிர்த்தி ஆடுகிறார், நம் வீட்டுப் பையன் சலங்கையை ஒளிக்கிறான். இதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

திருநங்கையர் விஷயத்தில் இந்த இரட்டைப் போக்கு இன்னும் கசப்பானது. தமிழ்நாட்டில் கூவாகத்தில் சித்திரை மாதம் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அழுது தாலி அறுக்கும் அவர்களின் சடங்கு நம் மகாபாரதக் கதையிலிருந்து வந்ததுதான். தொல்காப்பிய இலக்கணமும் அவர்களை உயர்திணையில், மனிதருக்கான இடத்தில்தான் வைத்தது. தமிழ்நாடு அரசு 2008இல் அவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. இழிவான பழைய சொற்களை ஒதுக்கி "திருநங்கை" என்ற மரியாதையான சொல் புழக்கத்துக்கு வந்தது. 2014 ஏப்ரல் 15ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்றது. சொல்லும் சட்டமும் மாறியிருக்கின்றன. ஆனால் அன்னதான வரிசையில் ஒரு திருநங்கை நமக்குப் பக்கத்தில் வந்து நின்றால் நம் முகம் எப்படி மாறுகிறது? தேர்வு அங்கேதான் நடக்கிறது.

இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

பெண்கள்தான் என்று உடனே சொல்வோம். அது உண்மைதான், அதிக விலை அவர்கள்தான் கொடுக்கிறார்கள். ஆனால் ஆண்களும் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

நான் ஃபார்ம் ஃபோர் படித்தபோது அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரல் வருவார். அங்கேயும் பிரிக்பீல்ட்ஸ் கோயில்களிலும் பொழுதைக் கழித்துவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு வீட்டுக்கு வருவார். ஏழு வாரம் இப்படி. சித்தப்பா ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா சத்தம் போடவில்லை. "எங்ககிட்ட சொல்லியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சம்பாதிக்காத ஆம்பளைய யாரு மதிப்பா?" என்றார்.

எங்கள் அப்பா பொய் பேசுகிற மனிதர் இல்லை. கடையில் மிச்சக் காசு கூட வந்தால் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். அப்படிப்பட்டவரை ஏழு வாரம் பொய்யாக வாழ வைத்தது எது? "சம்பாதிப்பவன்தான் ஆண்" என்ற சூத்திரம். சம்பளம் இருக்கும்வரை அது அவரை நிமிர்ந்து நடக்க வைத்தது. சம்பளம் நின்றதும் அது அவரையே மிதித்தது. எந்த நிலைமையில் செல்லும் என்று கேட்காமல் போட்ட சூத்திரம் இதுதான்.

பிறகு அம்மா வீட்டு வாசலில் காலையில் இட்லி, நாசி லெமாக் விற்க ஆரம்பித்தார். அப்பா தேங்காய் துருவினார், பொட்டலம் கட்டினார். "என்ன அண்ணே, பொம்பள வேலைக்கு இறங்கிட்டீங்க?" என்று தெருவில் கேட்டவர்கள் உண்டு. அப்பாவுக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வியாபாரத்தில்தான் என் எஸ்பிஎம் டியூஷன் காசு வந்தது. அந்த வேலையில் பொய் இல்லை.

நம் கையில் ஓர் அளவுகோல்

அப்படியென்றால் கலாச்சாரத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்று சொல்வது முட்டாள்தனம். எல்லாம் புனிதம், தொடாதே என்பதும் சரியில்லை. நம் தர்மம் ஓர் அளவுகோலைக் கையில் கொடுத்திருக்கிறது: சத்தியம். நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். இந்த வழக்கம் மனிதர்களை உண்மையாக வாழ விடுகிறதா, இல்லை பொய்யாக வாழ வைக்கிறதா?

அம்மாவின் கையால் வாங்கிப் பூசிக்கொள்ளும் திருநீறு, பெரியவர்கள் காலில் விழுவது, அக்கா தங்கச்சியைப் பாசமாகப் பார்த்துக்கொள்வது, இவை எதுவும் யாரையும் பொய் சொல்ல வைப்பதில்லை. வைத்துக்கொள்வோம். வேலை போனதை மறைக்க வைப்பது, சலங்கையை ஒளிக்க வைப்பது, கெட்டிக்காரப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார வைப்பது, தான் யார் என்பதையே ஒருவரை மறைத்து வாழ வைப்பது, இவையெல்லாம் வழக்கமாக இருக்கலாம். தர்மமாக இருக்க முடியாது.

ஆன்மாவுக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை என்று நம் வகுப்புகளில் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதைத் தத்துவமாக மட்டும் வைத்திருந்தால் போதாது. நம் இளைஞர் இயக்கத்திலேயே தொடங்கலாம். அடுத்த முகாமில் பாத்திரம் கழுவும் பட்டியலில் பையன்கள் பெயரும், கணக்கு வழக்கு, கூட்டத் தலைமை, மேளக் குழு இவற்றில் பெண்கள் பெயரும் இருக்கட்டும். வேலை இழந்த அண்ணன் ஒருவர் "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஓர் இடமாக நம் வாராந்திரக் கூட்டம் இருக்கட்டும். தம்பி ஒருவன் அழுதால், "ஏன்டா பொம்பள மாதிரி அழுவுற?" என்பதை விட்டுவிட்டு, "என்னடா ஆச்சு?" என்று கேட்போம்.

1943இல் மூன்றே மாதத்தில் மாறிக் காட்டிய சமுதாயம் இது. அன்று ஒரு போர் வந்ததால் மாறினோம். இந்தத் தடவை போருக்காகக் காத்திருக்க வேண்டாமே.